பிள்ளையை விசாரிக்க யார் வருகிறார்கள்?
(திருவனந்தபுரம்: ஒரு பயணக் கட்டுரை)



திருவனந்தபுரத்துக்குப் போய்வருகிற நம்மவர்கள் அநேகர். சிலர் கோவளம் கடற்கரையையும் மிருகக்காட்சி சாலையையும் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறார்கள். சிலர் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள புற்றுநோய் மையத்துக்கோ, இருதய சிகிச்சைக்குப் பேர்பெற்ற ஸ்ரீசித்திரா நிறுவனத்துக்கோ கண்ணீரோடும் ஜெபத்தோடும் போகிறார்கள். இந்த மாதம் அதே நகரத்தில் வேறொரு வழியாக உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இந்த வழியில் சுற்றுலா வழிகாட்டிகள் நிற்பதில்லை. ஆனால் விசுவாசிகளாகிய நாம் அவசியம் நடந்து பார்க்கவேண்டிய வழி இது.

தம்பானூரிலிருந்து தைக்காடு வரை

நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவுதான். ரயிலில் வந்து தம்பானூரில் இறங்குகிறீர்கள். நிலையத்துக்கு வெளியே வந்தவுடன் எதிரே பேருந்து நிலையம்; காதில் விழுவது மலையாளம், அதன் நடுவே நமது தமிழ். கிழக்கே கோட்டை என்று அழைக்கப்படும் பகுதிக்கும் சாலை கடைவீதிக்கும் நடந்தே போய்விடலாம். சாலை கடைவீதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் கடை வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை இந்த நகரத்தைத் தலைநகராகக் கொண்ட நாட்டோடுதான் சேர்ந்திருந்தது. ஆகையால் தமிழருக்கு இது முற்றிலும் அந்நிய ஊரல்ல.

கோட்டைப் பகுதியிலே பழவங்காடியில் ஸ்ரீசித்திரா இல்லம் என்ற பழைய நிலையம் ஒன்று உண்டு. திருவிதாங்கூரின் கடைசி மன்னரின் பெயரைத் தாங்கிய அந்த இல்லம், ஆதரவற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நெடுங்காலமாகப் புகலிடம் கொடுத்து வந்திருக்கிறது. தம்பானூரிலிருந்து மறுபக்கம் திரும்பினால் தைக்காடு. அங்கே பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையும், பேர்பெற்ற மாதிரிப் பள்ளியும், கேரள மாநிலக் குழந்தைகள் நலச் சங்கத்தின் தலைமையகமும் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தூரம் போனால் பூஜப்புரை. அரசின் பெண்கள், குழந்தைகள் வளர்ச்சித் துறையின் இயக்ககம் அங்கே இருக்கிறது.

இவ்வழியே நடக்கிறபோது ஒரு கேள்வியை உங்கள் இருதயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மதில்களுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு உணவு இருக்கிறது, உடை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் அவர்களை விசாரிக்க யார் வருகிறார்கள்?

அம்மத்தொட்டில்

தைக்காட்டில் குழந்தைகள் நலச் சங்கம் அமைத்திருக்கும் அம்மத்தொட்டிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2002 நவம்பர் 14 அன்று இது தொடங்கப்பட்டது. வளர்க்க இயலாத தாய், பச்சைக் குழந்தையைக் குப்பைமேட்டிலோ புதரிலோ விடாமல், பத்திரமாக இங்கே கிடத்திவிட்டுப் போகலாம். குழந்தை தொட்டிலில் வந்தவுடன் உள்ளே மணி ஒலிக்கும். தாதியர் ஓடிவந்து எடுத்துக்கொள்வார்கள். விட்டுச்சென்றது யார் என்று ஒருவரும் பின்தொடர்ந்து போவதில்லை. தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டிலேயே பெண்சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதை நாம் அறிவோம்.

இந்தத் தொட்டிலை நினைக்கும்போது நாணற்பெட்டியை நினையாமல் இருக்க முடியுமா? யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அந்தத் தாய் பெட்டியை நதியோரத்தில் வைத்துவிட்டாள். ஆனால் பிள்ளையின் சகோதரியோ தூரத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்மனைப் பெண் பிள்ளையை எடுத்ததும் ஓடிப்போய்ப் பேசி, பால் கொடுக்கச் சொந்தத் தாயையே அழைத்து வந்தாள். மோசே அரண்மனையில் வளர்ந்தான். ஆனாலும் தன் ஜனம் யாரென்று அறிந்திருந்தான். அந்த அறிவு அவனுக்குள் நிலைத்திருந்ததற்கு, தூரத்தில் நின்ற ஒரு சிறுமியும் உறவு அறுந்துபோகாதபடி செய்யப்பட்ட ஓர் ஏற்பாடும் காரணம் அல்லவா?

நமது நாட்டின் சட்டமும் இதை ஒருவாறு உணர்ந்திருக்கிறது. பெற்றவர்கள் குழந்தையை முறைப்படி குழந்தைகள் நலக்குழுவின் முன் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு 60 நாட்கள் அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையானால் உறவினரைத் தேடும்படி அறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்த பின்னரே தத்துக்குத் தகுதியான பிள்ளை என்று அறிவிப்பார்கள். தொட்டிலை வைத்தவர்களும் கதவைச் சாத்திவிடவில்லை.

இல்லங்கள் ஏன் எழுந்தன?

தைக்காட்டிலிருந்து வடக்கே பாளையம் வந்தால், எல்.எம்.எஸ். வளாகத்தில் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட மட்டீர் நினைவு ஆலயத்தைக் காணலாம். திருவிதாங்கூரில் ஊழியம் செய்த சாமுவேல் மட்டீர் ஐயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. லண்டன் மிஷன் ஊழியர்கள் அந்நாட்களில் பள்ளிகளோடு விடுதிகளையும் நடத்தினார்கள். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியரின் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி உருவாயிற்று. லேஸ் பின்னும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-இல்தான் என்பதை நினைவில் வையுங்கள். வீதியில் நடக்கவும் உரிமையில்லாத ஜனத்தின் பிள்ளைகள் எழுத்தறிய வேண்டுமானால், அந்நாளில் விடுதியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

நமது பெந்தெகொஸ்தே சரித்திரத்திலும் ஓர் இல்லத்துக்கு நீங்காத இடம் உண்டு. பூனா அருகே கேட்காவ் என்னும் ஊரில் பண்டித ரமாபாய் அம்மையார் நடத்திய முக்தி இல்லத்தில், பஞ்சத்தில் மடியவிருந்த பெண்பிள்ளைகளும் இளம் விதவைகளும் அடைக்கலம் பெற்றார்கள். 1905-இல் அங்கே ஜெபித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்பிள்ளைகள் நடுவில்தான் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. நம் திருநெல்வேலிச் சீமையில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்ததையும் நாம் அறிவோம்.

ஆகையால் இல்லம் நடத்துகிறவர்களைக் குறைசொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் எத்தனையோ பேர் அங்கே உண்டு. ஆனால் காலத்துக்கேற்ற ஞானமும் நமக்கு வேண்டும். ஜெபத்தினாலேயே பிள்ளைகளைப் போஷித்தவர் என்று நாம் பிரசங்கங்களில் எடுத்துக்காட்டும் ஜார்ஜ் முல்லர், 1836-இல் பிரிஸ்டல் நகரத்தில் தமது முதல் இல்லத்தைத் திறந்தார். பின்பு ஆஷ்லி டவுன் குன்றில் பெரிய பெரிய கட்டிடங்கள் எழும்பின. அவருடைய ஸ்தாபனமே 1958-இல் அக்கட்டிடங்களை விற்றுவிட்டு, பிள்ளைகளைச் சிறு குடும்ப வீடுகளில் வளர்க்கத் தொடங்கியது. விசுவாசம் குறைந்ததினாலே அப்படிச் செய்யவில்லை. பிள்ளைக்குக் கட்டிடத்தைவிடக் குடும்பம் முக்கியம் என்று கண்டுகொண்டதினாலேயே செய்தார்கள்.

ஊரடங்கு காட்டிய உண்மை

"அனாதை இல்லம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் தாய் தகப்பன் இல்லாதவர்களா? 2020-ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கு இதற்குப் பதில் சொல்லிற்று. அப்போது இல்லங்களிலிருந்த பிள்ளைகளைக் குறித்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. ஊரடங்குக்கு முன் நாடெங்கும் 2,27,518 பிள்ளைகள் இல்லங்களில் இருந்தார்கள் என்றும், அவர்களில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டார்கள் என்றும் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதாவது 100 பிள்ளைகளில் 64 பேருக்குப் போவதற்கு ஒரு வீடு இருந்தது!

பின் ஏன் இல்லத்துக்கு வந்தார்கள்? தகப்பன் மரித்தான், தாய் வீட்டுவேலைக்குப் போகிறாள், வாடகை வீட்டில் வயதுவந்த மகளைத் தனியே விட்டுப்போகப் பயம். அல்லது தகப்பன் குடிக்கு அடிமை. அல்லது கட்டிட வேலைக்காக ஊர் ஊராய்ப் போகிற குடும்பம். பள்ளிக்கூடத்துக்கு நிலையான இடம் இல்லை. இப்படி, பாசம் இருந்தும் வசதி இல்லாமையால் பிரிந்தவர்களே அநேகர். அதனால்தான் நீதிமன்றம், வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி 2020 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது.

இப்போது யாக்கோபு நிருபத்தின் முதலாம் அதிகாரக் கடைசி வசனத்தைத் திறந்து பாருங்கள். மாசில்லாத பக்தி எது என்று சொல்லும்போது அப்போஸ்தலன் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லுகிறான். நாமோ பிள்ளையை எடுத்து இல்லத்தில் வைக்கிறோம். விதவையைத் தனியே விட்டுவிடுகிறோம். வேதம் இணைத்ததை நாம் பிரிக்கலாமா? அங்கே "விசாரிக்க" வேண்டும் என்றுதான் நமது தமிழ் வேதாகமம் சொல்லுகிறது. பணம் அனுப்புவது எளிது. விசாரிப்பதற்கோ நாம் போகவேண்டும், பெயர் தெரியவேண்டும், மறுபடியும் போகவேண்டும்.

உறவு அறுந்தால் என்ன ஆகும்?

ருமேனியா தேசத்தில் சர்வாதிகார ஆட்சி விழுந்தபின், பெரிய அரசு இல்லங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கட்டிலிலேயே கிடந்ததை உலகம் கண்டது. அங்கே புக்காரெஸ்ட் நகரத்தில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 136 சிறு குழந்தைகளை நெடுங்காலம் கவனித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் மனிதரோடு ஒட்டி வாழும் மனதிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்னே போனவர்கள் இன்னும் நன்றாய்த் தேறினார்கள். பாலும் படுக்கையும் மட்டும் ஒரு பிள்ளையை வளர்க்காது. "இவர் என்னுடையவர்" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

தூரமும் உறவை அறுக்கும். 2010-ஆம் ஆண்டில் அஸ்ஸாம், மணிப்பூர் மாநிலங்களிலிருந்து படிப்புக்கென்று அழைத்துவரப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நமது கன்னியாகுமரி மாவட்டத்து விடுதிகளிலிருந்து மீட்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருக்கும் தாய் எப்படி வந்து விசாரிப்பாள்? விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் தீமை நுழைவது எளிது. தமிழ்நாட்டு இல்லங்களில் நடந்த கொடுமைகளைக் குறித்த வழக்கில் 2017 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்படவேண்டும், இல்லத்துக்கு மாற்றான குடும்பப் பராமரிப்பை ஊக்குவிக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகக் கூறுகிறது.

விடுமுறையில் ஒரு வீடு

இனி இந்நகரம் நமக்குக் கற்றுத்தருகிற ஒரு நல்ல பாடத்துக்கு வருவோம்.

கோடை விடுமுறை வருகிறது. விடுதிப் பிள்ளைகளில் பலரை அழைத்துப்போக மாமா வருகிறார், பாட்டி வருகிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போனபின், போக இடமில்லாத சில பிள்ளைகள் அந்தப் பெரிய கூடத்தில் மீந்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் மறைந்திருந்த தனிமை அந்த இரண்டு மாதங்களில் வெளிப்படும்.

கேரள அரசின் பெண்கள், குழந்தைகள் வளர்ச்சித் துறை இதற்கென்று ஒரு ஏற்பாட்டை நடத்துகிறது. "வெக்கேஷன் ஃபாஸ்டர் கேர்" என்பார்கள். விடுமுறைக்கால வளர்ப்புப் பராமரிப்பு. விருப்பமுள்ள குடும்பத்தார் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விண்ணப்பிக்கவேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்து, குடும்பத்தைப் பற்றி விசாரித்து, குழந்தைகள் நலக்குழுவின் அனுமதியோடு ஒரு பிள்ளையை விடுமுறைக்கு அவர்களிடம் அனுப்புவார்கள். ஒரு சிறுவன் முதல்முறையாக ஒரு சமையலறையைப் பார்க்கிறான். அரிசி எங்கே இருக்கிறது, கடைக்காரரிடம் மீதிச் சில்லறை எப்படி வாங்குவது, அண்ணன் தங்கை சண்டை எப்படித் தீருகிறது, ஒரு வீட்டில் இரவு ஜெபம் எப்படி முடிகிறது என்பதையெல்லாம் காண்கிறான். இவைகளை எந்த விடுதியும் பாடமாய் நடத்த முடியாது. விடுமுறைக்கு வந்த பிள்ளையைப் பின்பு நிரந்தரமாகவே வளர்க்க முன்வரும் குடும்பங்களும் உண்டு.

வேதத்திலும் அன்னாள் தன் மகன் சாமுவேலைச் சீலோவிலே ஏலியின் கையில் ஒப்படைத்தாள். அத்துடன் அவள் கடமை முடிந்ததென்று இருந்துவிடவில்லை. ஆண்டுதோறும் சின்னச் சட்டை ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டு போனாள். போன ஆண்டின் அளவு இந்த ஆண்டு பொருந்தாதே! மகன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று வீட்டிலிருந்தபடியே எண்ணி எண்ணித் தைத்திருப்பாள். மொர்தெகாயும் அப்படியே. தாய் தகப்பன் இல்லாத சிறிய தகப்பன் மகளைத் தன் மகளாக வளர்த்தான். அவள் அரண்மனைக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டபின் நாள்தோறும் கன்னிமாடத்து முற்றத்தின் முன் நடந்து அவள் சுகத்தை அறிந்துகொண்டான். பிள்ளை மதிலுக்குள் போனபின்னும் இவர்கள் உறவை விடவில்லை.

நாம் செய்யக்கூடியவை

பிரியமானவர்களே, பிழைப்புக்காக ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள் நாம். உங்களில் சிலர் உங்கள் பிள்ளையையே ஊரில் ஒரு விடுதியில் விட்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கே முதலில் சொல்லுகிறேன்: வாரந்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் அழைத்துப் பேசுங்கள். சொன்ன நாளில் போய்ப் பாருங்கள். பெரிய பரிசு எதுவும் வேண்டியதில்லை. வருவேன் என்று சொன்ன தகப்பன் வந்தான் என்பதே பிள்ளைக்குப் போதுமான பரிசு.

பிறந்தநாளுக்கு இல்லத்தில் விருந்து கொடுப்பது நம் சபைகளில் பழக்கமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, பாட்டுப்பாடச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் முகம் பிள்ளைகளுக்கு நினைவிருப்பதில்லை. இல்லத்துப் பிள்ளைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது என்பதையும் சபைச் செய்திமடல் நடத்துகிறவர்கள் அறிந்திருக்கவேண்டும். ஐம்பது பிள்ளைகளுக்கு ஒருநாள் விருந்து கொடுப்பதைவிட, நிர்வாகத்தின் அனுமதியோடு ஒரே பிள்ளையை மாதந்தோறும் ஐந்து வருடம் போய் விசாரிப்பது மேன்மையானது.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் தாய்க்கு உதவுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ், வருமானம் குறைந்த தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை கிடைக்க வழியுண்டு. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் மாணவர்களுக்குக் கேரளத்தில் "ஸ்நேகபூர்வம்" திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2025 செப்டம்பரில் "அன்புக் கரங்கள்" என்ற பெயரில் மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நமது விதவைச் சகோதரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவர்களோடு கூடப்போய் விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும் ஊழியமே. ரயில் நிலையத்தில் தனியாய்த் திரியும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். உங்கள் விருப்பப்படி ஒரு விடுதிக்கு அழைத்துப்போகாதிருங்கள். திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்படும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் பேச ஒருவர் கிடைத்தாலே, ஊர்ப் பெயரும் தாயின் பெயரும் வெளியே வரும்.

இன்னொன்று. 18 வயது நிறைந்தவுடன் பிள்ளை இல்லத்தைவிட்டு வெளியேறவேண்டும். 21 வயது வரை தொடர் உதவிக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பண்டிகை நாளில் போய் உட்கார ஒரு வீட்டைச் சட்டம் கொடுக்க முடியாது. வேலை தேடி நகரத்துக்கு வரும் அந்த இளைஞன் உங்கள் சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். ஆராதனை முடிந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாய்ப் புறப்படும்போது, அவன் மட்டும் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று நிற்பான். "தம்பி, வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போகலாம்" என்று அழையுங்கள். அவனுக்குப் பெண் பார்க்கிற நாளில் பெற்றோர் இடத்தில் போய் உட்காருங்கள்.

தனிமையானவர்களைக் குடும்பங்களாக வாழப்பண்ணுகிற தேவனை அறுபத்தெட்டாம் சங்கீதம் நமக்குக் காட்டுகிறது. அவர் அதைச் செய்வது நமது வீடுகளின் வழியாகவே. அடுத்தமுறை தம்பானூரில் இறங்கும்போது, கடற்கரைக்குப் போகுமுன் இந்த வழியையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் பெயரை இன்றிரவு குடும்ப ஜெபத்தில் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் போய் அந்தப் பிள்ளையை விசாரித்து வாருங்கள். திக்கற்றவர்களுக்குத் தகப்பனாகிய கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.